மேடவாக்கம் பேனரில் என் முகம்

1

மேடவாக்கம் ஜங்ஷனுக்குச் சற்று முன்னால் ஷேர் ஆட்டோ நெரிசலில் நின்றுவிட்டது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒரு மாடிக் கட்டடத்தின் முகப்பையே மறைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று. அதில் ஒரு சிவப்பு டிரக். பின்னால் பனி. முன்னால் தடித்த ஜாக்கெட்டோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு ஓர் ஆள். 'கனடாவில் டிரக் ஓட்டலாம்! பத்தாவது போதும்! இங்கிலீஷ் தேவையில்லை!' என்று மேலே எழுதியிருந்தது.

அந்த ஆள் நான்.

பக்கத்தில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள மாதிரியே கீறாரு இல்ல?" என்றார்.

"ஆமாங்க," என்றேன். வேறென்ன சொல்வது?

அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக வந்திருந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் தங்கை லில்லியின் வீட்டில் தங்கல். சொட்டு மருந்து வாங்கப் போன வழியில்தான் இது. பத்து வருஷத்துக்கும் மேலாக டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருக்கிறேன். நெடுந்தூர டிரக் ஓட்டுவது பிழைப்பு. அதற்கு முன்னால் இதே சாலையில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பேனரைக் கட்டியிருந்த அலுவலகத்தின் பெயரையே அன்றுதான் முதல்முதலாகப் படித்தேன். என் மனைவி ஷீலா நர்ஸ். அவளுக்கு அங்கே வேலை கிடைத்தது, அவள் கணவன் என்ற தகுதியில் நான் போனேன். எந்த ஏஜென்ட்டும் என்னை அனுப்பவில்லை. ஆட்டோ நகர்ந்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்பியதாக நினைவில்லை. அப்படியானால் யார் கொடுத்தது?

2

சந்தேகப்படுவது என் வேலையில் பாதி. அங்கே வண்டியை எடுக்கும் முன் தினமும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாக வேண்டும். டயர், பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாய், விளக்குகள், டிரெய்லர் கதவின் சீல். நேற்று நன்றாக இருந்தது என்பது செல்லாது. பனிக்காலத்தில் சாலை வெறும் ஈரமாகத் தெரியும். மழை பெய்திருக்கிறது என்று நம்பினால் தொலைந்தோம். எதிரே வரும் வண்டியின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கிறதா என்று பார்ப்பேன். தெறிக்காவிட்டால் அது தண்ணீர் இல்லை, கண்ணாடி மாதிரி உறைந்த பனி. அந்த நேரத்தில் பக்கத்துப் பாதையில் யார் எப்படி ஓட்டினாலும் எனக்கு அவர் மேல் சந்தேகம்தான்.

இந்தப் பழக்கம் வருவதற்கே வருஷங்கள் ஆயின. போன புதிதில் என் இந்திய ஹெவி லைசென்ஸைப் பெருமையோடு கவுன்டரில் நீட்டினேன். அந்தப் பெண் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். முதலில் கார் லைசென்ஸ். பிறகு டிரக் பள்ளி. பிறகு தேர்வு. அதற்கிடையில் ஒரு லாரி ஷெட்டில் வண்டி கழுவினேன். கழுவிய தண்ணீர் காலடியிலேயே உறையும்.

முதல் தேர்வில் தோற்றது ஹாரனால். ஒரு திருப்பத்தில் கை தானாகப் போய் அடித்துவிட்டது. தேர்வு வைத்தவர் முன்னும் பின்னும் பார்த்தார். சாலையில் ஈ காக்கை இல்லை. "யாரை எச்சரித்தீர்கள்?" என்று உண்மையாகவே கேட்டார். தாம்பரத்தில் ஹாரன் அடிப்பது கும்பிடு போடுவது மாதிரி என்று அவருக்கு எப்படி விளக்குவது? இரண்டாவது முறை ரிவர்ஸ் எடுக்கும்போது கோட்டைத் தாண்டினேன். மூன்றாவது முறைதான் கிடைத்தது.

பேச்சிலும் வழுக்கியிருக்கிறேன். ஒருமுறை நடுவழியில் டயர் வெடித்தபோது உதவிக்குப் போன் செய்து, என்னிடம் ஸ்டெப்னி இல்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் பதறிப்போய், "அவருக்கு அடிபட்டிருக்கிறதா?" என்று கேட்டார். ஸ்டெப்னி என்பவர் என்னோடு வண்டியில் வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்.

இப்போது கம்பெனிக்குப் புதிதாக வரும் டிரைவர்களை முதல் சில வாரங்களுக்கு என் வண்டியில்தான் ஏற்றிவிடுகிறார்கள். வின்னிபெக், கால்கரி என்று வாரக்கணக்கில் போவேன். வீட்டுக்கு வந்தால் உப்பு டப்பா எங்கே என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மகள் நிவேதா உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். "டிரிப் எப்படி இருந்தது?" என்று பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பது போல் விசாரித்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

3

என் சந்தேகம் முதலில் போய் நின்றது லில்லியின் கணவர் சேகரிடம். மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பிறந்தநாள் பேனர் எல்லாம் அவர் கடையில் ஆகும். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் குடும்பப் படங்களை ஷீலாவிடம் கேட்டு வாங்கியவரும் அவர்தான்.

உடனே கேட்கவில்லை. கவனித்தேன். போன் வந்தால் பால்கனிக்குப் போய்ப் பேசுகிறார். வாசலில் புது பைக் நிற்கிறது. என்னைப் பார்த்ததும் பேச்சை அம்மாவின் கண்ணுக்குத் திருப்புகிறார். ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தேன். ஒரு நாள் காலை டிபன் நேரத்தில் பொறுக்க முடியவில்லை.

"மேடவாக்கத்துல என் போட்டோ போட்டு ஒரு பேனர் இருக்கு மாப்ள. பாத்தீங்களா?"

"பாத்தேன் மச்சான். ரொம்ப நாளா இருக்கு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் தோசையைப் பிய்த்தபடி என்னைப் பார்க்காமலே சொன்னார். "நீங்களே சொல்லலையே. ஏதோ சைடு பிசினஸ் பண்றீங்க, எங்களுக்குத் தெரிய வேணாம்னு நெனைக்கிறீங்கன்னு விட்டுட்டோம். அண்ணனுக்கு கமிஷன் வருது போல, நாம கேட்டா நல்லாருக்காதுன்னு லில்லிதான் சொன்னா."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. இத்தனை நாளாக நான் அவரைக் கவனித்துக்கொண்டிருக்க, அவர்கள் இரண்டு பேரும் என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"அந்தப் பேனர் உங்க கடையில அடிச்சதா?"

சேகரின் கை நின்றது. "கேக்குறீங்களா மச்சான், இல்ல முடிவே பண்ணிட்டீங்களா?"

பாதித் தோசையோடு எழுந்து கை கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். லில்லி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தபோது கேட்டருகில் பழனி நின்றிருந்தான். கூட அவன் மனைவி கோமதி, கையில் ஸ்வீட் பாக்ஸ். பழனியும் நானும் ஒரே ஓனரிடம் தண்ணீர் லாரி ஓட்டியவர்கள். நன்மங்கலத்துக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டாக ஊற்றுவோம். நான் போன பிறகு அவன் சொந்தமாக ஒரு பழைய டாங்கர் வாங்கினான். கோமதி சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் கேன்டீனில் வேலை பார்க்கிறாள்.

"இன்னா ஜெயா, ஊருக்கு வந்துகினு ஒரு போன் கூட பண்ணல?" என்று கட்டிப்பிடித்தான். பிறகு ஸ்வீட் பாக்ஸை வாங்கி என் கையில் வைத்தான். "எடு. எல்லாம் உன்னாலதான்."

"என்னாலயா?"

"வர்ற வாரம் ஃப்ளைட்டு. உன் மூஞ்சியப் பாத்துதான் அந்த ஆபீஸ்ல சேந்தேன். ஜெயராஜே நிக்கறான்னா அது டுபாக்கூரா இருக்காதுன்னு வண்டியக் குடுத்துட்டேன்."

டாங்கரை விற்றுவிட்டான். ஸ்வீட் பாக்ஸைத் திறக்காமல் திண்டாடினேன். மெதுவாகக் கேட்டேன். என்ன விசா? "மொதல்ல விசிட்டிங்காம். அங்க போயி மாத்திக்கலாமாம்." லைசென்ஸ்? "இங்கயே எடுத்துக் குடுத்துட்டாங்க, இன்டர்நேஷனலு. எறங்குன மறுநாளே வண்டியில ஏறணுமாம்."

"பழனி, அப்படி எவனும் ஏற முடியாதுடா. அந்த ஆபீஸ் யாருன்னே எனக்குத் தெரியாது."

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். கோமதி சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் படம்?" என்றாள்.

"எப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியலம்மா."

சொல்லும்போதே அது எவ்வளவு நொண்டியான பதில் என்று எனக்குப் புரிந்தது.

5

மறுநாள் நானும் பழனியும் மேடவாக்கம் போனோம். கோமதியும் லீவு போட்டுவிட்டு வந்தாள். என் முகத்துக்குக் கீழே இருந்த படிக்கட்டில் ஏறி முதல் மாடிக்குப் போனோம். ஒரு நீள அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இளைஞர்களும் என் வயது ஆட்களுமாக நிறையப் பேர். முன்னால் ஒரு மேஜையில் வீடியோ கேம் ஸ்டியரிங் திருகப்பட்டிருந்தது. டி.வி. திரையில் ஒரு டிரக் காலியான சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் பயிற்சி.

மேனேஜருக்கு முப்பது வயதிருக்கும். டை கட்டியிருந்தான். நான் எதிர்பார்த்தது, என்னைக் கண்டதும் அவன் முகம் வெளுக்கும் என்று. அவன் ஒரு நொடிதான் பார்த்தான். உடனே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான்.

"சார்! வாட் எ சர்ப்ரைஸ்! ஃப்ரெண்ட்ஸ், இவர் யாருன்னு தெரியுதா?"

எல்லோரும் திரும்பினார்கள். ஒருவன் பேனர் பக்கம் கையைக் காட்டினான். கைதட்டல் எழுந்தது. இரண்டு பேர் ஓடிவந்து என் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தார்கள். கனடாவில் சோதனைச் சாவடிகளில் அதிகாரிகள் முன்னால் நின்று பதில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கைதட்டலுக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

"நிறுத்துங்க," என்றேன் கடைசியில். "இந்த ஆபீஸ் மூலமா நான் போகல. என் படத்த இவங்க கேக்காம போட்டிருக்காங்க. விசிட்டர் விசால வந்து டிரக் ஓட்ட முடியாது. அங்க லைசென்ஸ் எடுக்காம யாரும் சாவி குடுக்க மாட்டாங்க."

மேனேஜர் சிரித்துக்கொண்டே இருந்தான். "சார் போன டைம்ல ரூல்ஸ் அப்படி இருந்தது, ஃப்ரெண்ட்ஸ். இப்ப எல்லாம் சேஞ்ச் ஆயிடுச்சு. சீனியர்ஸுக்கு எப்பவும் ஒரு ஃபீலிங் இருக்கும், நாம கஷ்டப்பட்டோம், இவங்க ஈஸியா வர்றாங்களேன்னு. இயற்கைதான். கரெக்ட்டா சார்?"

முன் வரிசையில் ஒருவர் எழுந்தார். "சார், நீங்க குடுக்காம அவங்களுக்கு போட்டோ எப்படி வந்துது?"

"தெரியாது."

"பேசுன துட்டு வரலயா சார்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்போடு அறை என் கையைவிட்டுப் போய்விட்டது. திரையில் டிரக் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு போலீஸில் நான் புகார் கொடுக்கப் போன இடத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். 'படத்தில் இருப்பது நீங்கள்தான் என்பதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள்' என்றார்கள். பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதில் எனக்கு மீசை இருந்தது. பேனரில் இல்லை.

6

அன்று அந்த ஆபீஸைவிட்டு இறங்கியதும், கீழே டீக்கடை முன்னால்தான் பழனி வெடித்தான்.

"இன்னா ஜெயா, அத்தினி பேர் முன்னால மானத்த வாங்கிட்ட?"

"உன் நல்லதுக்குத்தான்டா சொன்னேன்."

"நல்லதா? நீ போயி செட்டில் ஆயிட்ட. வூடு வாங்கிட்ட, காரு வாங்கிட்ட. உன்னோட கிணத்தடில லைன்ல நின்னவன் உனுக்கு சமமா வந்துடக் கூடாது. அதான மேட்டரு?"

"அப்படி இல்ல பழனி..."

"அப்ப இங்க ஓட்டுனவன் அங்க ஓட்ட மாட்டானா? நீ இன்னா, என்ன வுட பெரிய டிரைவரா?"

உண்மையில் அவன் என்னைவிட நல்ல டிரைவர். குறுகலான சந்தில் முழு டாங்கோடு ரிவர்ஸில் வருவான், ஒரு செங்கல்லைக் கூட உரசாமல். அதைச் சொன்னேன். நான் மழுப்புவதாக நினைத்து இன்னும் கோபப்பட்டான். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். கோமதியை ஏற்றிக்கொள்ளவில்லை.

அவள் அங்கேயே நின்றாள். "அண்ணா, உங்க வூட்டுக்காரங்ககிட்ட நான் பேசணும்," என்றாள். "நீங்க சொல்றதும் எனுக்கு வேணாம், அந்த டை கட்னவன் சொல்றதும் வேணாம்."

அடுத்த நாள் காலை லில்லியின் வீட்டுக்கு வந்தாள். ஷீலாவுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். என்னை எதிரே உட்காரச் சொன்னாள் கோமதி. நான் கண் காட்டிவிடுவேனோ என்ற சந்தேகம் அவளுக்கு.

"அக்கா, இவரு போனதும் வண்டில ஏறுனாரா?"

ஷீலா என்னைப் பார்க்கவில்லை. "இல்ல கோமதி. வண்டி கழுவுனாரு. ரெண்டு தடவ டெஸ்ட்ல ஃபெயிலு. ராத்திரி உக்காந்து அழுதிருக்காரு, நான் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு. அந்த வருஷமெல்லாம் என் சம்பளத்துலதான் வீடு ஓடுச்சு. நான் இருந்தேன், நின்னுட்டாரு. உன் வீட்டுக்காரருக்கு அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா," என்றாள் கோமதி.

அழுததை ஷீலா பார்த்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சமையலறை வாசலில் லில்லி நின்றிருந்தாள். சேகரும் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பாமல் நின்றிருந்தார். யாருக்கும் இதெல்லாம் தெரியாது. ஊருக்கு நான் அனுப்பியது லைசென்ஸ் கிடைத்த பிறகான சேதிகள் மட்டுந்தானே.

கோமதி எழுந்துகொண்டாள். "பாஸ்போர்ட்டு என் பீரோல கீது. சாவி எங்கிட்ட கீது. அவரு என்ன பேசுனாலும் பேசட்டும்," என்று சொல்லிவிட்டு, பஸ் பிடிக்கப் போனாள்.

திரையில் அதற்குள் நிவேதா வந்திருந்தாள். "அப்பா, வாட்'ஸ் கோயிங் ஆன்?" என்றாள். பேனரை நான் போனில் எடுத்து வைத்திருந்தேன். அனுப்பினேன். பார்த்ததும், "ஓ மை காட். அது என் பேஜ்ல நான் போட்டதுப்பா," என்றாள். அவளுடைய சோஷியல் மீடியா பக்கத்தில் நான் நண்பனாக இல்லை. சேர்த்துக்கொள்ளச் சொன்னபோது, பிரைவேட் என்று சொல்லியிருந்தாள். ஆனால் ஊரில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அது திறந்தே இருந்திருக்கிறது.

"என்ன எழுதிப் போட்டே?"

தயங்கினாள். பிறகு படித்தாள். இங்கிலீஷில்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இது என் அப்பா. இது அவருடைய வீடு. எங்கள் வீட்டுக்கு அவர் எப்போதாவது வருவார்.'

படத்தைத் திருடியவர்கள் அந்த வரிகளை எடுக்கவில்லை. "ஸாரிப்பா," என்றாள் நிவேதா, எதற்கென்று சொல்லாமல்.

சேகர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாப்ள, நான் உங்கள..." என்று தொடங்கினேன். "கடைக்கு நேரமாச்சு மச்சான்," என்றார். நான் ஊரிலிருந்து கிளம்பும் நாளில் ஏர்போர்ட் வரை வந்தார். பெட்டியை அவரே தூக்கினார். ஆனால் வழியெல்லாம் டிராஃபிக்கைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

7

பழனி பறக்கவில்லை. பல நாள் வீட்டில் சண்டை நடந்ததாக லில்லி சொன்னாள். அவனோடு சேர்ந்தவர்களில் சிலர் போனார்கள். கனடா விமான நிலையத்தில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் அங்கிருந்தே திரும்பி வந்தார்கள். அந்த அலுவலகம் ஒரு நாள் திறக்கவில்லை. பிறகு திறக்கவே இல்லை. பேனரை யாரோ கிழித்துக்கொண்டு போய்க் கட்டட வேலைக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார்களாம். பழனி கொடுத்தது திரும்பவில்லை. விற்ற டாங்கரையே இப்போது புது ஓனரிடம் சம்பளத்துக்கு ஓட்டுகிறான்.

போன வாரம் அவனிடமிருந்து போன் வந்தது. எனக்குக் காலை, அவனுக்கு மாலை. ஒரு ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு காபி குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம், டாங்கில் தண்ணீர் விழும் சத்தம்.

"ஜெயா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத," என்றான். "அந்தப் போட்டோக்கு உனுக்கு இன்னா குடுத்தானுங்க?"

"ஒண்ணும் குடுக்கலடா. என் பொண்ணு போட்ட படம். திருடிக்கினானுங்க."

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா இல்ல பழனி."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. "சரி, வுடு," என்றான். நம்பவில்லை. அந்த 'வுடு'வை நான் இருபது வருஷமாகக் கேட்டிருக்கிறேன். இனி எதைக் காட்டினாலும் அவன் மனதில் ஓர் ஓரத்தில் அந்தச் சந்தேகம் இருக்கும் என்று தெரிந்தது. எனக்கும் எரிச்சல் வந்தது. போனை வைத்துவிடலாமா என்று யோசித்தேன்.

"அது கெடக்கட்டும்," என்றான் அவன். "நெறைய லோடு ஏத்திகினு மலை எறக்கத்துல எப்புடி எறங்குவ? பிரேக்கு சூடாயிடாது?"

சொன்னேன். உச்சியிலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும், பாதி வழியில் குறைக்கலாம் என்று நினைக்கக் கூடாது, வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும், பிரேக்கை அழுத்திக்கொண்டே வரக் கூடாது. அவன் குறுக்கே குறுக்கே கேட்டான். எல்லாம் ஓட்டத் தெரிந்தவன் கேட்கிற கேள்விகள். ஒன்றிரண்டுக்கு நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். காபி ஆறிப்போயிருந்தது.

"டாங்க் ரொம்பிடுச்சி, வெச்சிடறேன்," என்றான். வைக்கவில்லை. "நாளிக்கி இந்த டயத்துல ஃப்ரீயா கீறியா?"

இருக்கேன் என்றேன்.